பஞ்ச் சீக்கிரம் போகிறதா? ஸ்டீலும் கோட்டிங்கும் தேர்ந்தெடுக்கும் முறை

பஞ்ச் அடிக்கடி மழுங்கினால் டூல் ரூமில் முதலில் எழும் பேச்சு, "இன்னும் ஹார்டான ஸ்டீல் போடலாம்" என்பதுதான். சில நேரம் அது சரி. பல நேரம் மழுங்கிக்கொண்டிருந்த பஞ்ச் அதற்குப் பிறகு உடைய ஆரம்பிக்கும். ஆகவே கடைக்குப் போய் ஸ்டீல் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. தகட்டில் ஓட்டை போடும் சாதாரண பியர்சிங் பஞ்சை வைத்தே சொல்கிறேன். உதாரண வேலை: 2 மி.மீ. தடிமனுள்ள 304 ஸ்டெயின்லெஸ் ஷீட்டில் 6 மி.மீ. ஓட்டை.

1. பழைய பஞ்சைத் தூக்கிப் போடாதீர்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். வெட்டு முனையைச் சுற்றிப் பாருங்கள்.

முனை உருண்டு, வழவழப்பாக இருந்தால் அது தேய்மானம். பக்கவாட்டில் ஷீட்டின் உலோகம் அப்பிக்கொண்டு, மேலும் கீழுமாகக் கீறல் விழுந்திருந்தால் அது ஒட்டல். ஸ்டெயின்லெஸ், அலுமினியம், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) ஷீட்டுகளில் இதுதான் பெரிய தொல்லை. முனையில் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தால் ஸ்டீலின் கடினம் போதவில்லை என்று பொருள் இல்லை, உறுதி போதவில்லை. கடினம் வேறு, அடி தாங்கும் உறுதி வேறு. ஒன்றைக் கூட்டினால் மற்றது பெரும்பாலும் குறையும். நான்காவது, பஞ்ச் நசுங்குவது அல்லது நடுவில் முறிவது.

தேய்மானம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு அலைன்மென்ட்டைப் பாருங்கள். பஞ்ச், டைக்கு (பஞ்ச் உள்ளே இறங்கும், ஓட்டையுள்ள கீழ்ப் பாகம்) நடுவில் நிற்கவில்லை. அதற்கு எந்த ஸ்டீலும் மருந்தில்லை. கிளியரன்ஸும், அதாவது பஞ்சுக்கும் டைக்கும் இடையிலுள்ள இடைவெளியும், அப்படித்தான். மைல்டு ஸ்டீலுக்கு ஒரு பக்கத்துக்குத் தடிமனில் 5 முதல் 8 சதவீதம், ஸ்டெயின்லெஸுக்கு 8 முதல் 10 சதவீதம் என்று தொடங்கலாம். நம் 2 மி.மீ. ஷீட்டுக்கு ஒரு பக்கம் 0.16 முதல் 0.20 மி.மீ. வரும். "பிசிறு வரக்கூடாது" என்று இதை மிகவும் இறுக்கினால், பஞ்ச் மேலே ஏறும்போது ஓட்டை அதைக் கவ்விப் பிடித்துத் தேய்க்கும்.

2. பஞ்ச் மேல் எவ்வளவு சுமை?

வெட்டும் விசை = சுற்றளவு × தடிமன் × ஷீட்டின் வெட்டு வலிமை. 304-க்கு வலிமையைச் சுமார் 500 நியூட்டன்/ச.மி.மீ. என்று எடுத்தால், 18.85 × 2 × 500 = 18,850 நியூட்டன். கிட்டத்தட்ட 1.9 டன். இதைப் பஞ்சின் குறுக்குப் பரப்பான 28.3 ச.மி.மீ.-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 670 நியூட்டன்/ச.மி.மீ. வருகிறது. பயமில்லாத எண்.

அதே ஷீட்டில் 2 மி.மீ. ஓட்டை போட்டுப் பாருங்கள். விசை குறைகிறது, ஆனால் பரப்பு அதைவிட வேகமாகக் குறைவதால் அழுத்தம் 2,000 ஆகிவிடுகிறது. அந்த அளவில் எந்த டூல் ஸ்டீலும் திணறும். அங்கே முதலில் பஞ்ச் வளையாமல் பிடிக்கும் கைடு உள்ள ஸ்ட்ரிப்பர் (பஞ்சிலிருந்து ஷீட்டைக் கழற்றும் தகடு) வேண்டும், ஸ்டீல் பேச்சு அப்புறம்.

3. ஸ்டீல்

ஓ.எச்.என்.எஸ்.: விலை குறைவு, மெஷினிங் சுலபம், ஆயிலில் ஹார்டன் ஆகும். சில ஆயிரம் ஓட்டை, மெல்லிய மைல்டு ஸ்டீல் என்றால் இதுவே போதும்.

டி2: 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். நம் ஊரில் எச்.சி.எச்.சி.ஆர். (ஹை கார்பன் ஹை குரோமியம்) என்று கேட்டால் டி2-வும் வரும், டி3-யும் வரும். டி3-யில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் இன்னும் சுலபமாகச் சில்லு பெயரும். கேட்டு வாங்குங்கள். டி2-வில் பெரிய குரோமியம் கார்பைடு (குரோமியமும் கார்பனும் சேர்ந்த மிகக் கடினமான பொருள்) கட்டிகள் இருக்கும். தேய்மானத்தைத் தாங்குவதும் அவைதான், விரிசல் தொடங்குவதும் அவற்றில்தான்.

எம்2 ஹை ஸ்பீடு ஸ்டீல்: 62 முதல் 64 எச்.ஆர்.சி. (கடினத்தை அளக்கும் ராக்வெல் சி எண்) வரை போகும், டி2-வைவிட அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். சிறிய பஞ்சுகளுக்கு ஏற்றது. எஸ்7 இதற்கு நேர் எதிர். 54 முதல் 56 எச்.ஆர்.சி.தான், ஆனால் அடி தாங்கும். தடித்த பிளேட்டில் பஞ்ச் முறிந்துகொண்டே இருந்தால் அதை எடுங்கள்.

பவுடர் மெட்டலர்ஜி ஸ்டீல்கள்: வனாடிஸ் 4 எக்ஸ்ட்ரா, சி.பி.எம். 3வி, பி.எம். எம்4 போன்றவை. உருக்கிய உலோகத்தைத் தூளாக்கி, அந்தத் தூளை அழுத்தி இறுக்கிச் செய்வதால் கார்பைடுகள் மிகச் சிறியதாக, சீராகப் பரவி நிற்கும். வனேடியம் கார்பைடு குரோமியம் கார்பைடைவிட மிகவும் கடினமும்கூட. அதனால் தேய்மானம் தாங்கும் குணமும் உறுதியும் ஓரளவு ஒன்றாகக் கிடைக்கின்றன. விலை டி2-வைப்போல் பல மடங்கு. ஆனால் 6 மி.மீ. பஞ்சுக்கு எத்தனை கிராம் ஸ்டீல் போகிறது? கிரைண்டிங் கூலியும் பிரஸ் நிற்கும் நேரமும்தான் பெரிய செலவு. சிறிய பஞ்சில் ஸ்டீல் விலையைப் பார்த்துத் தயங்குவது எனக்குப் புரிந்ததே இல்லை.

நம் உதாரணத்துக்கு எம்2 போதும். ஓட்டைக் கணக்கு லட்சங்களில் போனால் வனாடிஸ் 4 எக்ஸ்ட்ரா.

4. டெம்பரிங்கை இப்போதே முடிவு செய்யுங்கள்

டெம்பரிங் என்பது ஹார்டன் செய்த ஸ்டீலை மறுபடி சூடாக்கி, நொறுங்கும் தன்மையைக் குறைப்பது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பி.வி.டி. (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கும்) கோட்டிங் அறையில் பஞ்ச் பொதுவாக 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். டி2-வை வழக்கப்படி 200 டிகிரியில் டெம்பர் செய்து 61 எச்.ஆர்.சி. வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அது 450 டிகிரியில் சில மணி நேரம் இருந்தால் மறுபடி டெம்பர் ஆகி மென்மையாகிவிடும். அளவும் மாறலாம். பிறகு தங்க நிறத்தில் பளபளவென்று திரும்பி வரும் பஞ்ச், மெத்தை மேல் விரித்த கண்ணாடித் தகடு. அடியில் இருப்பது அமுங்கினால் மேலே உள்ளது நொறுங்கும்.

எனவே கோட்டிங் போடப் போகிறோம் என்றால் டி2-வை 520 டிகிரியை ஒட்டி, இரண்டு அல்லது மூன்று முறை டெம்பர் செய்யச் சொல்லுங்கள். ஹார்ட்னெஸ் 58 முதல் 60 வரும், ஒன்றிரண்டு எண் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். எம்2-வும் வனாடிஸும் இயல்பாகவே 520 முதல் 560 டிகிரி வரை டெம்பர் ஆகிறவை, ஆகவே இந்தக் கவலை இல்லை. ஓ.எச்.என்.எஸ். பஞ்சுக்குச் சாதாரண பி.வி.டி. கோட்டிங் வேண்டாம்.

ஹீட் ட்ரீட்மென்ட் சீட்டில் வெறும் "60 எச்.ஆர்.சி." என்று மட்டும் எழுதாமல், டெம்பரிங் வெப்பநிலையையும் எத்தனை முறை என்பதையும் எழுதுங்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

5. மேற்பரப்பு

வயர் கட் (கம்பியில் எழும் மின்பொறியால் வெட்டுவது) செய்த பஞ்சின் மேல் உருகி மறுபடி உறைந்த வெள்ளைப் படலம் ஒன்று இருக்கும். நொறுங்கும் தன்மை உடையது. அதைக் கிரைண்ட் செய்து நீக்காமல் கோட்டிங் போட்டால் இரண்டும் சேர்ந்தே பெயரும். பாலிஷை பஞ்ச் ஏறி இறங்கும் திசையில் போடுங்கள். சுற்றிச் சுற்றிப் போட்ட கிரைண்டிங் கோடுகளில்தான் ஷீட் உலோகம் அப்பும், விரிசலும் தொடங்கும்.

6. கோட்டிங்

டைட்டானியம் நைட்ரைடு, அந்தத் தங்க நிறம்: மைல்டு ஸ்டீலுக்குப் பொதுவான தேர்வு. டைட்டானியம் கார்போ நைட்ரைடு, நீலச் சாம்பல்: இன்னும் கடினம், வழுக்கலும் அதிகம். ஸ்டெயின்லெஸுக்கு, அதாவது நம் உதாரணத்துக்கு, இதுதான். தாமிரத்துக்குக் குரோமியம் நைட்ரைடு. அலுமினியத்துக்கு டி.எல்.சி. எனப்படும் வைரம் போன்ற கார்பன் படலம். அலுமினியம் டைட்டானியம் நைட்ரைடு சூடு தாங்குவதில் கெட்டி, ஆனால் அந்தச் சூடு குளிர்ந்த ஷீட்டை வெட்டும் பஞ்சில் அவ்வளவாக வருவதில்லை.

இவை எல்லாம் பெரும்பாலும் 2 முதல் 4 மைக்ரான் தடிமன், கிளியரன்ஸைத் தொந்தரவு செய்யாது. டி.டி. (உருகிய உப்பில் முக்கிப் படிய வைப்பது), சி.வி.டி. (வாயுக்களின் வேதிவினையால் படிய வைப்பது) என்று இரண்டு வகைகள் உண்டு. பிடிப்பு அபாரம், ஆனால் 900, 1,000 டிகிரி என்று போகும். பஞ்ச் மறுபடி ஹார்டன் ஆக வேண்டும், அளவு நூறில் ஒரு மி.மீ. கணக்கில் மாறலாம். டிராயிங், ஃபார்மிங் பஞ்சுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லு பெயர்வதற்கும் முறிவதற்கும் கோட்டிங் தீர்வல்ல. அது தேய்மானத்துக்கும் ஒட்டலுக்கும் மட்டும்தான்.

7. கிரைண்டிங்

முனை உருண்டு 0.1 மி.மீ. தாண்டும்போதே எடுத்துத் தீட்டுங்கள். காத்திருந்தால் தேய்மானம் வேகமெடுக்கும். பஞ்சின் அடி முகத்தைத் தீட்டும்போது அங்குள்ள கோட்டிங் போய்விடும், பரவாயில்லை. ஒட்டலைத் தடுப்பது பக்கவாட்டுக் கோட்டிங்தான், அது அப்படியே இருக்கும். கூலண்ட் தாராளமாக விட்டு, மெல்ல மெல்ல எடுங்கள். நிறம் மாறினால் முனை எரிந்துவிட்டது என்று பொருள். முடிந்ததும் காந்தத்தை நீக்குங்கள், இல்லாவிட்டால் ஷீட்டிலிருந்து வெட்டிய வட்டத் துண்டு பஞ்சோடு ஒட்டி மேலே வந்து அடுத்த அடியில் டையைக் கெடுக்கும்.

ஒவ்வொரு தீட்டலுக்கும் இடையில் எத்தனை ஓட்டை ஓடியது என்று பஞ்ச் எண்ணோடு குறித்துவையுங்கள். அடுத்த முறை ஸ்டீலையும் கோட்டிங்கையும் ஒன்றாக மாற்றாதீர்கள். முதலில் ஒன்று, அதன் கணக்கு தெரிந்த பிறகு மற்றொன்று.