சோலைக்கிளியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாறு பக்கத்து மலை ஊர்களான வட்டவடைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் பறவை பார்க்க வருகிறவர்களில் பலர் அண்ணாந்தபடியே நடக்கிறார்கள். வெண்வயிற்றுச் சோலைக்கிளியை அப்படித் தேடினால் கழுத்து வலிதான் மிச்சம். பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி இல்லை. சிட்டுக்குருவி அளவே உள்ள இந்தப் பறவைக்குச் சோலை எனப்படும் ஈரமான மலைக்காட்டின் தரையும் குறிஞ்சிப் புதர்களின் அடித்தண்டுகளும்தான் உலகம். ஈரச் சருகில் பூச்சி தேடித் தத்தும், நிற்கும், மறுபடி தத்தும். கருநீல உடல் நிழலில் கரைந்துவிடும். வெள்ளை நெற்றிக்கோடு முதலில் தெரியும், பிறகு வயிறு. கேமராவைத் தூக்குவதற்குள் இரண்டும் புதருக்குள் போயிருக்கும்.

சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பது மணி ஜீப்பில் வருவதும் வீண். பாட்டு விடியலிலும் அந்தியிலும்தான். ஓடையோரமாக ஓரிடத்தில் உட்கார்ந்து காது கொடுப்பவருக்கே அது வாய்க்கும்.

பொறுமையில்லாதவர்கள் அலைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான். தன் எல்லைக்குள் வேற்று ஆண் நுழைந்துவிட்டது என்று எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது விரட்ட வரும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம். மரப்பொந்திலோ மண்திட்டின் குழியிலோ பெரும்பாலும் இரண்டே முட்டைகள். அந்த நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையவிடுவது ஒரு படத்துக்காகவா? இதில் வேடிக்கை என்னவென்றால், ஒலிக்கவிடும் பதிவு பல நேரம் நீலகிரியில் எடுத்ததாக இருக்கும். அது வேறு இனம்.

இங்கே எடுத்த படத்துக்கு 'நீலகிரிச் சோலைக்கிளி' என்று பெயர் போடுவதும் அதே குழப்பம்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பதற்கு விலாப்பக்கம் செம்பழுப்பு. தெற்கே ஆனைமலை, பழனிமலை, மூணாறு பக்கம் இருப்பதற்கு அது நீலச்சாம்பல். மரபணு ஆய்வுக்குப் பின் 2017இல் இவற்றுக்குச் சோலிகோலா என்ற தனிப் பேரினமே அமைத்தார்கள். பழைய கையேட்டை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம்.

பச்சையாக இருப்பதெல்லாம் சோலை என்று நினைப்பது அடுத்த தவறு. கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் தோப்பும் வாட்டில் என்ற சீகை மரத் தோப்பும் தூரத்தில் காடு போலத்தான் தெரியும். அடியில் புதரும் ஈரமும் இல்லாத இடத்தில் இந்தப் பறவைக்கு வேலையில்லை. 2003இல் தேசியப் பூங்காவான பாம்பாடும் சோலையின் பரப்பே 1.3 சதுர கிலோமீட்டர்தான். வனத்துறை அனுமதியுடன் போனாலும் பாதையை விட்டு இறங்கிப் புதரை மிதிக்கக் கூடாது.

நம் ஊர் விடுதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாம்பு வரும் என்று சோலையோரப் புதரை முழுக்க வெட்டி, சருகையும் கூட்டித் தீ வைக்கிறார்கள். நடைபாதையைச் சுற்றி மட்டும் வெட்டினால் போதும். ஓடையை ஒட்டிய பட்டையை அப்படியே விட்டுவிடுங்கள், சருகோடு சேர்த்து.