வீட்டுக் குளத்தில் தட்டான் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டைக் கழுவித் துடைக்கும் வேகம் ஒன்று நம் எல்லோருக்கும் வரும். சில வருடங்களுக்கு முன்னால் அந்த வேகத்தில் நான் பின்பக்கத்துக் குளத்தையும் விட்டுவைக்கவில்லை. பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பின்னால் எட்டடிக்கு ஐந்தடி சிமெண்டுக் குளம் ஒன்று இருக்கிறது. ஒரு மூலையில் அல்லி, எதிர் மூலையில் கோரை. தண்ணீரை முழுக்க இறைத்து, அடியில் கிடந்த கறுப்புச் சேற்றை வாளி வாளியாக அள்ளி லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், கொட்டினேன். கடைசி வாளியில்தான் சேறு நகர்வதைக் கவனித்தேன். விரல் நகம் அளவில், சேற்று நிறத்தில், ஆறு கால்களோடு ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு.

அவை தட்டானின் இளம்பூச்சிகள். அதற்குள் ஏழெட்டு வாளி போய்விட்டது. அடுத்த மூன்று மாதம் எங்கள் குளத்திலிருந்து புதிதாக ஒரு தட்டான்கூட வெளியே வரவில்லை.

தட்டான் என்றாலே நமக்குச் சிறகுதான் கண்ணில் நிற்கிறது. ஆனால் சிறகோடு அது வாழ்வது சில வாரங்கள்தான். அதற்கு முன்னால் வாரக்கணக்காக, வகையைப் பொறுத்து மாதக்கணக்காக, தண்ணீருக்குள் வேட்டையாடித் திரிகிறது. குளிர்நாட்டு வகைகள் சில வருடக்கணக்கில்கூட அப்படி இருக்கும். இதை மறந்துவிட்டுக் குளத்துக்கு மேலே மட்டும் பார்ப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

குளத்தைச் சுத்தம் செய்யவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு நேரத்தில் பாதிக்கு மேல் கை வைக்காதீர்கள். அள்ளிய சேற்றையும் பாசியையும் கரையோரம் ஒரு ராத்திரி குவித்து வையுங்கள், உள்ளே இருப்பதில் சிலவாவது தானே ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. அதனால் ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றினால் நல்லது. கோரையை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள், அது இன்னொரு தவறு. இளம்பூச்சி வெளியே ஏறி வர அந்தத் தண்டுதான் ஏணி.

மீனும் கொசுவும்

குளம் என்றதும் கோய் மீன் வாங்கி விடுவது பினாங்கில் ஒரு பழக்கம். கோய் அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும், கண்ணில் பட்ட இளம்பூச்சியை விழுங்கிவிடும். குளத்துக்கு மேலே நாள் முழுக்கத் தட்டான் பறக்கலாம், முட்டை கூட இடலாம், ஆனால் ஒன்றும் பிழைத்து வெளியே வராது. தட்டான் வேண்டுமென்றால் கோய் வேண்டாம். லோங்காங் மீன் என்று பிள்ளைகள் பிடித்து வருகிற கப்பி நாலைந்து இருக்கட்டும். அடர்ந்த செடி இருந்தால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும், கப்பிக் குஞ்சில் சிலவற்றைத் தட்டான் இளம்பூச்சி தின்றுவிடும் என்றாலும்.

“தட்டான் இருந்தால் டெங்கி வராது” என்று நம்புவது இதைவிட ஆபத்தான தவறு. இளம்பூச்சி கொசுப்புழுவைத் தின்பது உண்மைதான். ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பூச்சாடியிலும் தொட்டிச்செடித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் முட்டையிடும். அங்கே தட்டான் போவதில்லை. ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒரு தடவை அந்தச் சின்னப் பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. வீட்டில் கொசுப்புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் வருடத்து மலேசியச் சட்டப்படி அபராதமும் உண்டு, தட்டானைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. குளத்துக்கு மருந்து போட்டே ஆகவேண்டும் என்றால் பிடிஐ என்கிற நுண்ணுயிர் மருந்தைக் கேளுங்கள். அது கொசுப்புழுவையும் அதற்கு நெருங்கிய உறவான சில புழுக்களையும்தான் தாக்கும். பூச்சிக்கொல்லியை நேராகத் தண்ணீரில் தெளித்தால் தட்டானும் சேர்ந்து போகும்.

எப்போது உட்காருவது, எப்படி உட்காருவது

பறவை பார்ப்பவர்களைப் போல ஏழு மணிக்கே கோப்பியோடு போய் உட்கார்ந்து, “ஒன்றும் காணோமே” என்று எழுந்து வருகிறவர்கள் நிறையப் பேர். உடம்பு சூடேறாமல் தட்டானால் சரியாகப் பறக்க முடியாது. வெயில் தண்ணீரில் விழ வேண்டும். பசியாறிவிட்டு ஒன்பதரை மணிக்கு மேல் போங்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம்.

அதற்கப்புறம் இன்னொரு கூத்து. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது, பினாங்கில் உச்சிவெயில் ஒரு மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் கோரை நுனியில் உட்கார்ந்த தட்டான் வாலைத் தூக்கி, தலைகீழாக நிற்பது போல வானத்தைக் குத்தி நிற்கும். முதல் தடவை பார்த்தபோது அடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அது வெயிலைச் சமாளிக்கும் வழி. வால் நுனியைச் சூரியனுக்கு நேரே நீட்டினால் உடம்பில் விழும் வெயில் குறைகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்பதால் வாலும் நெட்டுக்குத்தாக நிற்கிறது.

உட்காரும் இடம் பற்றி ஒன்றே ஒன்று. உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. தட்டானின் ஒரு கண்ணில் 30,000 வரை சின்னக் கண்கள் உண்டு, பின்னாலிருந்து பதுங்கி வரலாம் என்ற கணக்கு செல்லாது. தாழ்வான முக்காலி ஒன்றைப் போட்டுப் பத்து நிமிடம் கையைக் காலை ஆட்டாமல் இருந்தால் அதுவே பக்கத்தில் வந்து உட்காரும். கைபேசியைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறவருக்குக் கிடைப்பது தட்டான் போன கோரையின் படம்.

துரத்தாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல தட்டான்கள் கிளம்பிய நுனிக்கே திரும்பி வரும். கிளம்பும், ஒரு கொசுவைப் பிடிக்கும், அதே குச்சியில் வந்து உட்கார்ந்து மெல்லும். வேட்டையில் அது குறி தவறுவது அபூர்வம். ஆய்வுக்கூடத்தில் எண்ணிப் பார்த்தபோது பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பிடித்திருக்கிறது.

பார்த்ததைத் தப்பாகப் படிப்பது

எங்கள் குளத்தில் அதிகம் வருவது துருச் சிவப்புச் சிறகுக்காரன், நுனி மட்டும் கண்ணாடி போல இருக்கும். நியூரோதெமிஸ் ஃபிளக்சுவான்ஸ் என்று பெயர். கூடவே மஞ்சள் பழுப்பில், தெளிந்த சிறகோடு ஒன்று வரும். ரொம்ப நாள் அதை வேறு வகை என்றே குறிப்பேட்டில் எழுதிவந்தேன். அது இவனுடைய பெண்டாட்டி. பல தட்டான் வகைகளில் ஆண் ஒரு நிறம், பெண் வேறு நிறம். இளம் ஆண் முதலில் பெண்ணைப் போலவே மங்கலாக இருந்து அப்புறம்தான் சிவக்கும். நிறத்தை மட்டும் வைத்து எண்ணினால் இரண்டு வகை நாலாகிவிடும்.

“அந்தச் சிவப்பன் தினமும் அதே குச்சிக்கு வருகிறான்” என்று சொல்வதும் இதே மாதிரிதான். குச்சி அதேதான், உட்கார்ந்திருப்பது அதே ஆள் என்று சொல்ல முடியாது. நல்ல குச்சிக்குப் போட்டி உண்டு. காலையில் ஒருவன், அவனை விரட்டிவிட்டு மத்தியானம் இன்னொருவன். சிறகில் ஒரு கிழிசல், ஒரு மூலை உடைந்திருப்பது, இப்படி அடையாளம் பார்த்து வைத்தால்தான் யார் யார் என்று தெரியும்.

இரண்டு ஒட்டிக்கொண்டு வளையமாக இருந்தால் சண்டை என்று பிரித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இணைசேர்தல். ஆண் தன் வால் நுனியால் பெண்ணின் கழுத்துப் பக்கத்தைப் பிடித்திருக்கும், பெண் தன் வாலை வளைத்து ஆணின் வயிற்றடிக்குக் கொண்டுவரும். ஜொனாதன் வாகே என்ற ஆய்வாளர் 1979-இல் ஊசித்தட்டான் (சிறகை முதுகுக்கு மேல் சேர்த்து உட்காரும், தட்டானின் மெலிந்த உறவுக்காரன்) வகை ஒன்றில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். முன்னால் வேறு ஆண் விட்டுப்போன விந்தை இந்த ஆண் முதலில் சுரண்டி வெளியே எடுத்துவிட்டுத்தான் தன்னுடையதை வைக்கிறது! இது தெரிந்த பிறகு அடுத்து நடப்பதும் புரியும். பெண் முட்டையிடும்போது ஆண் அதன் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், சில வகைகளில் பிடியையே விடாது. அது பாசமும் இல்லை, தொந்தரவும் இல்லை. அடுத்தவன் வந்துவிடக் கூடாது என்ற காவல்.

பெண் வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போவது தண்ணீர் குடிக்க என்று என் அம்மா சொல்வார். ஒவ்வொரு தொடலிலும் முட்டை விழுகிறது. ஊசித்தட்டான் அப்படிச் செய்யாது, செடித்தண்டில் துளைபோட்டு உள்ளே வைக்கும். அதனால்தான் தண்டு காய்ந்திருக்கிறதே என்று உடனே பிடுங்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கறுப்புக் காரின் முன்மூடியிலும் ஒருநாள் ஒரு தட்டான் வாலால் தட்டிக்கொண்டிருந்தது. அது கிறுக்கு இல்லை. பளபளப்பான கறும்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் திரும்புவது போலவே அதன் கண்ணுக்குத் தெரிகிறது. கறுப்புச் சலவைக்கல் கல்லறைகளையும் தட்டான்கள் இப்படி நம்பி ஏமாறுவதை ஹங்கேரி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். குளத்துப் பக்கத்தில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பாமல் இருந்தால் சரி.

“தட்டான் தாழப் பறந்தால் மழை” என்பதையும் கேட்டிருப்பீர்கள். தட்டான் இரை இருக்கிற உயரத்தில் பறக்கும், அவ்வளவுதான். அக்டோபரில் பினாங்கில் எந்த உயரத்தில் எது பறந்தாலும் சாயங்காலம் மழை வரத்தான் போகிறது.

பச்சையும் கறுப்புமாய் மெலிந்த ஒன்று, ஆர்த்தெட்ரம் சபினா, தன்னைப் போன்ற இன்னொரு தட்டானையே பிடித்துத் தின்னும். காப்பாற்றப் போகாதீர்கள்.

கை வைப்பது

சின்ன வயதில் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்தவர்கள்தான் நாம். தட்டானுக்குச் சட்டை போட்டால் என்று விடுகதையும் போட்டவர்கள். உண்மையில் தட்டான் தன் சட்டையைத் தானே கழற்றிக் கோரையில் மாட்டிவிட்டுத்தான் போகிறது. முதுகு வெடித்த, வெறும் ஓடு. அதைக் குப்பை என்று உதறிவிடாதீர்கள். மேலே எத்தனை பறக்கிறது என்பதைவிட, தண்டில் எத்தனை சட்டை தொங்குகிறது என்பதுதான் உங்கள் குளம் உண்மையில் எத்தனை தட்டானை வளர்த்தது என்று சொல்லும். நான் வாரம் ஒருமுறை எண்ணி எழுதுகிறேன்.

சட்டை கழற்றுவது பெரும்பாலும் இரவில். விடியும் முன் ஐந்தரை மணிக்கு மங்கலான டார்ச்சோடு போனால் பார்க்கலாம். இளம்பூச்சி தண்டில் ஏறி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதுகு பிளக்கும், தலையும் நெஞ்சும் வெளியே வரும், பாதியில் பின்பக்கமாய்ச் சாய்ந்து கொஞ்ச நேரம் தொங்கும். அப்புறம் ஒரு எம்பு எம்பி வாலை உருவிக்கொள்ளும். சிறகு முதலில் கசங்கிய டிஷ்யூத் தாள் மாதிரி இருக்கும், மெல்ல மெல்ல விரியும். அந்த நேரத்தில் அது சிறகை முதுகுக்கு மேல் சேர்த்து வைத்திருப்பதால் ஊசித்தட்டான் என்று ஏமாறுவதும் உண்டு.

என் பேரன் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, “தாத்தா, சிறகு மாட்டிக்கிச்சு” என்று ஒரே ஒரு விரலால் எடுத்துவிட்டான். நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்தச் சிறகு மடிந்தபடியே காய்ந்தது. எட்டு மணிக்கு மற்றவை பறந்துவிட்டன. அது தண்டிலேயே நின்றது, பிறகு ஒரு மைனா வந்தது. பேரன் இரண்டு நாள் பின்பக்கம் போகவில்லை. பளபளவென்று ஈரச் சிறகோடு தடுமாறிப் பறக்கிற புதுத் தட்டானையும் தொடாதீர்கள், காய்ந்து இறுக அதற்கு நேரம் வேண்டும்.

தட்டான் கொட்டும் என்ற பயம் வேண்டாம், அதற்குக் கொடுக்கு கிடையாது. பிடித்தால் வாயால் கடிக்கப் பார்க்கும், அவ்வளவே. பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அத்தை), படுக்கையில் ஒன்றுக்குப் போகும் பிள்ளையின் தொப்புளைத் தட்டான் கடித்தால் பழக்கம் நின்றுவிடும் என்பார். எத்தனை தட்டானுக்கு அதில் சிறகு போயிருக்குமோ!

சீக்கிரம் எழுந்து போவது

சாயங்காலம் ஆறு மணிக்குச் சிவப்பன்கள் எல்லாம் ஒதுங்கியதும் ஆட்டம் முடிந்தது என்று உள்ளே போய்விடுகிறோம். தோலிமிஸ் தில்லார்கா என்கிற தட்டான் அதற்கப்புறம்தான் வேலைக்கு வருகிறது. பகலெல்லாம் புதருக்குள் தொங்கிக்கிடந்துவிட்டு, வெளிச்சம் மங்கும்போது தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் விர்ரென்று போய் வரும். உடம்பு தெரியாது. ஆணின் பின்சிறகில் இருக்கும் வெள்ளைத் திட்டு மட்டும் இருட்டில் இரண்டு பொட்டாக ஓடும். பின்பக்கத்து விளக்கைப் போடாமல் ஏழே முக்கால் வரை உட்காருங்கள்.