திங்கட்கிழமை காலை ஆறரை: வீட்டில் கோல்டன் குளோப் ஓட்டுச்சீட்டு போடுவது எப்படி

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிசம்பரில், அமெரிக்காவின் சினிமா, டிவி விருதான கோல்டன் குளோப்பின் பரிந்துரைப் பட்டியல் வெளியாகும் வாரம், கடை சாத்துவதற்கு முன் ஏழு தாள் அச்சடித்து வீட்டுக்கு எடுத்துப் போவேன். வீட்டில் ஆறு பேருக்கு ஆறு, எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்று. எந்த விருது யாருக்கு என்று ஆளுக்கொன்றாக ஊகித்து எழுதும் அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது, எப்படி நிரப்புவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

இது தொடங்கியது 2023 ஜனவரி 11 காலையில். ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்கு விருது என்று என் மகன் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மேடையில் கீரவாணியைப் பார்த்த என் மாமியார், “இவரு நம்ம மரகதமணி இல்ல?” என்றார். தமிழில் அவர் அந்தப் பெயரில்தான் இசையமைத்தார் என்பது என் மகனுக்குத் தெரியாது. பேரனும் பாட்டியும் அன்று ஒரு மணி நேரம் பழைய பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டார்கள். அடுத்த வருடம் முதல் தாள் போட்டேன்.

முதலில் நேரம். விழா நடப்பது கலிபோர்னியாவில், பெவர்லி ஹில்டன் ஹோட்டலில். சமீப வருடங்களில் ஜனவரி முதல் அல்லது இரண்டாம் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொடங்குகிறது. நமக்கு அது திங்கட்கிழமை காலை 6.30. மார்கழிக் குளிர், வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலை, எட்டு மணிக்குப் பள்ளி வேன். விழாவோ மூன்று மணி நேரம் ஓடும். முழுவதையும் நேரலையில் பார்க்க நினைக்காதீர்கள். நாங்கள் எட்டு மணி வரை பார்ப்போம். மீதியை மாலை ஏழு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை யாரும் செய்தி பார்க்கக் கூடாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் திறக்கக் கூடாது. பெரிய விருதுகள் கடைசியில்தான் வரும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு முக்கியம். எந்த ஓடிடியில் நேரலை வரும் என்பது வருடத்துக்கு வருடம் மாறலாம், டிசம்பரிலேயே பார்த்து வையுங்கள். ஒரு வருடம் சரியாக ஆறே முக்காலுக்கு வீட்டு இணையம் போய்விட்டது. அதிலிருந்து முந்தின இரவே ஒரு செல்போனில் முழு சார்ஜும் டேட்டாவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இனி தாள். ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வைத்து நான்கு கட்டம் போடுங்கள்: பிரிவு, ஜெயிக்கும், ஜெயிக்க வேண்டும், ஏன். மொத்தம் 25-க்கும் மேற்பட்ட பிரிவுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அச்சடித்தால் பெரியவர்கள் மிரண்டுவிடுவார்கள். பன்னிரண்டு போதும், அதில் குறைந்தது ஐந்து டிவிக்கு இருக்கட்டும். ஆஸ்கரில் டிவிக்கு இடமில்லை, இங்கே 1950களிலிருந்தே இருக்கிறது. என் மாமியாரை உள்ளே இழுத்தது அதுதான். குறுந்தொடர் என்று ஒரு பிரிவு உண்டு, சில எபிசோடுகளிலேயே கதை முடிந்துவிடும். வருடக்கணக்கில் சீரியல் பார்த்தவருக்கு ஒரு கதை ஒரு வாரத்தில் முடிவது பெரிய நிம்மதியாக இருந்தது.

சினிமாவில் சிறந்த படத்துக்கும் நாயகன், நாயகிக்கும் இரண்டிரண்டு விருதுகள்: ‘டிராமா’வுக்கு ஒன்று, ‘இசை அல்லது நகைச்சுவை’க்கு ஒன்று. எந்தப் படம் எந்தப் பக்கம் என்பதைப் பட்டியலைப் பார்த்து எழுதுங்கள், உங்கள் ஊகத்தில் எழுதாதீர்கள். செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டவரின் கதையான ‘தி மார்ஷியன்’ 2016-ல் நகைச்சுவைப் பக்கத்தில் சிறந்த படம் ஆனது. யாருக்குத்தான் தோன்றும்? இயக்கம், திரைக்கதை, பாட்டு, பின்னணி இசை ஆகியவற்றுக்கு இந்தப் பிரிவினை கிடையாது.

ஓட்டுப் போடுவது யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ‘ஜெயிக்கும்’ கட்டத்தை நிரப்ப அது தேவை. ஆஸ்கருக்கு ஓட்டுப் போடுபவர்கள் சினிமாக்காரர்கள், இதற்குப் பத்திரிகையாளர்கள். முன்பு ஹாலிவுட்டில் இருந்த ஒரு சின்ன வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் மட்டும் முடிவு செய்தது. அதில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை என்பது 2021-ல் வெளியே வந்தது. 2022-ல் விழா டிவியில் வரவில்லை, 2023-ல் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டது. இப்போது பல நாடுகளைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள்.

அப்புறம் மார்க். ‘ஜெயிக்கும்’ சரியாக இருந்தால் ஒரு மார்க். ‘ஜெயிக்க வேண்டும்’ கட்டத்துக்கு இரண்டு மார்க், ஆனால் பார்த்த படத்துக்கு மட்டும்தான் அதை நிரப்பலாம், பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுத வேண்டும். அந்தப் படம் தோற்றாலும் இரண்டு மார்க் உண்டு. இந்த விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். இது இல்லாவிட்டால் எல்லோரும் இணையத்தில் ஊகங்களைப் பார்த்து எழுதிவிடுவார்கள், ஏழு தாளும் ஒரே மாதிரி இருக்கும்.

காரணம் என்றால் ‘நடிப்பு சூப்பர்’ இல்லை. எந்த இடம், என்ன செய்தார் என்று எழுதச் சொல்லுங்கள். என் மாமியார் ஒரு தொடரில் வந்த நடிகைக்கு எழுதியது: ‘மகன் போன பிறகு ரெண்டு தட்டு வச்சிட்டு ஒண்ணைத் திரும்ப எடுத்தா.’ நாங்கள் எல்லோரும் அந்தத் தொடரைப் பார்த்திருந்தோம், ஒருவரும் அந்தத் தட்டைக் கவனிக்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தோம்.

பட்டியலுக்கும் விழாவுக்கும் இடையில் சுமார் நான்கு வாரம்தான். வாரம் ஒரு படம், ஒரு தொடரின் முதல் எபிசோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் அல்லாத படம் ஒன்றாவது அதில் இருக்கட்டும். 2025 விழாவுக்கு முந்தின சனிக்கிழமை பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ பார்த்தோம். மும்பையில் வேலை செய்யும் மலையாள நர்சுகளின் கதை. என் நாத்தனார் பெங்களூரில் நர்ஸ். படம் முடிந்ததும் அவளுக்குப் போன் போட்டோம், அரை மணி நேரம் பேசினோம். அவள் இத்தனை வருடத்தில் சொல்லாத ஹாஸ்டல் கதைகளை அன்றுதான் சொன்னாள். இயக்குநர் பிரிவிலும் ஆங்கிலம் அல்லாத படப் பிரிவிலும் பரிந்துரை பெற்றிருந்த படம் அது. ஏழு தாளிலும் ‘ஜெயிக்க வேண்டும்’ அதுவேதான். இரண்டுமே கிடைக்கவில்லை. என் மகன் சாப்பிடாமல் வேன் ஏறினான். மாலையில் அவன் எழுதிய காரணத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன், படித்த பிறகு கொஞ்சம் தெளிந்தான். காரணங்களைப் படிப்பதை எப்போதும் மாலைக்கே வையுங்கள். களி, கீரைக் கடைசல், வறுத்த கடலை இருந்தால் போதும், சமையல் பெரிதாக வேண்டாம்.

தாளின் கடைசி வரியைக் காலியாக விடுங்கள். இதை என் மகன்தான் சேர்க்கச் சொன்னான். முதுமலை யானைப் பராமரிப்பாளர்கள் பொம்மன், பெள்ளியைப் பற்றிய ஆவணக் குறும்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதில் வரும் ரகு என்ற யானைக்குட்டி நம் தேன்கனிக்கோட்டைக் காட்டில் கிடைத்தவன். அந்த மாதம்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மாரண்டஅள்ளி அருகே, மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தனியாக நின்றன. விருது அறிவித்தபோது பொம்மன் தாயில்லாத குட்டிகளுக்காக தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தார். “அந்தப் படம் கோல்டன் குளோப்ல ஏம்மா இல்ல?” என்று என் மகன் கேட்டான். ஆவணப்படத்துக்கு அங்கே பிரிவு இல்லை என்றேன். “அப்போ நாம ஒண்ணு போட்டுக்கலாம்” என்றான்.

அந்த வரியில் அவரவர் ஒரு பெயர் எழுதலாம். நம் பக்கத்தில் இந்த வருடம் பார்த்ததில், கேட்டதில் மனதில் நின்றவர் யாராகவும் இருக்கலாம். அதிக ஓட்டு வாங்கியவருக்கு ஒரு துண்டு வாங்கி, பொங்கல் விடுமுறையில் நேரில் போய்ப் போர்த்துவோம். போன முறை, எங்கள் ஊர்க் கூத்தில் திரௌபதி வேடம் கட்டும் பெரியவருக்குப் போனது. ஐந்து பேரின் தாளில் இருந்த காரணங்களை என் மகன் அவர் முன்னால் நின்று படித்தான். பெரியவர் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அதனால் இந்த வருடம் ஒவ்வொன்றையும் இரண்டு பிரதி எடுத்தேன்.