கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை: எங்கெங்கே தவறுகிறோம்?

"உடம்புக்கு ஒன்றுமில்லையே, எனக்கு எதற்கு இந்தப் பரிசோதனை?" என்று கேட்கும் கர்ப்பிணிகள் ஏராளம். கர்ப்பகால நீரிழிவு பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. தாகம், அசதி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் எல்லாம் கர்ப்பத்தில் சகஜம் என்பதால், அவை இருந்தாலும் சந்தேகம் வராது. ஒல்லியானவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும்கூட இது வரலாம்.

முதல் மாதங்களில் எடுத்த பரிசோதனை சரியாக இருந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுவதும் தவறுதான். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துவது நாள் ஏற ஏறத்தான் வலுக்கிறது. அதனால்தான் 24 முதல் 28 வாரங்களுக்குள் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். ஆனால் முந்தைய கர்ப்பத்தில் இது வந்தவர்களும் உடல் பருமன் உள்ளவர்களும் அதுவரை காத்திருக்கக் கூடாது. முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, பரிசோதனையில் 'தேறுவதற்காக' சில நாட்களுக்கு முன்பே மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது. அது எதிர்விளைவையே தரும். மாவுச்சத்து குறைந்த உணவுக்குப் பழகிய உடல், திடீரென்று குளுக்கோஸ் வந்து சேரும்போது திணறும். இல்லாத நோயும் இருப்பதாகக் காட்டும். வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, முந்தைய இரவிலிருந்து குறைந்தது 8 மணி நேரம் பட்டினி இருந்தால் போதும். தண்ணீர் குடிக்கலாம்.

75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரை ஐந்து நிமிடங்களுக்குள் குடித்து முடிக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வரும் அளவுகளை நம்ப முடியாது. ரத்தம் எடுத்து முடிக்கும்வரை உலாவப் போவதும் வேண்டாம், நடை சர்க்கரையைக் குறைத்துவிடும்.

ஆய்வகத்தில் நடக்கும் தவறு நம் கண்ணில் படுவதில்லை. எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால், அதிலுள்ள அணுக்கள் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். வெறும் வயிற்றில் 95 ஆக இருந்தது ஒரு மணி நேரத்தில் சுமார் 90-க்கு இறங்கிவிடும், நோயும் தப்பிவிடும். ஏனென்றால் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வகுத்த வரையறைப்படி வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 92 மில்லிகிராமே எல்லை. குளுக்கோஸ் குடித்த ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153.

இந்த மூன்று அளவுகளில் ஏதாவது ஒன்று எல்லையைத் தொட்டாலும் கர்ப்பகால நீரிழிவுதான். "ஒன்றுதானே கூடியிருக்கிறது" என்று தள்ளிவிட முடியாது. சில இடங்களில் முதலில் 50 கிராம் குளுக்கோஸ், பிறகு 100 கிராம் என்று இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். அதற்கு எல்லைகள் வேறு. ஆகவே தோழியின் அறிக்கையோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இதற்கு மாற்றாகாது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அது குறைத்தே காட்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் போதாது.

பிரசவத்துக்குப் பின் குழந்தையைப் பார்ப்பதிலேயே பலருக்கும் மறந்துபோவது ஒன்று உண்டு: 4 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் அதே 75 கிராம் பரிசோதனை. அது சரியாக இருந்தாலும், பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.