பூல் கேஜில் தூணை எடுப்பதற்கு முன்

ஃபுளோரிடாவில் வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் இருந்தால், அதை மூடி அலுமினியச் சட்டமும் கொசுவலையுமாக ஒரு கூண்டு பெரும்பாலும் நிற்கும். அங்கே அதற்குப் பேச்சுவழக்கில் 'பூல் கேஜ்' என்று பெயர். கொசு வராது, இலை விழாது. ஆனால் கூடுதல் காசு கொடுத்து ஏரிக்கரையில் வீடு வாங்கியவருக்கு, சில அடிக்கு ஒரு தூண் நின்று ஏரியை மறைத்தால் எரிச்சல் வரத்தானே செய்யும்? நடுத்தூண்களை எடுத்துவிட்டு அகலமாகத் திறந்துவிடும் வேலைக்கு அங்கே 'பிக்சர் விண்டோ' என்கிறார்கள். அழகான வேலைதான். கோட்டை விடுவதும் இதில்தான்.

கூரையிலும் வலைதானே, அதற்கு எதற்கு இத்தனை தூண் என்று தோன்றும். கூண்டுக்கு எடை பெரிய பிரச்சினை இல்லை, காற்றுதான் பிரச்சினை. வலை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். நடுவில் இரண்டு தூண் போனால் அவை தாங்கிய விசை முழுவதும் மேலே உள்ள உத்தரத்துக்கும் ஓரத் தூண்களுக்கும் போகும். அதனால் உத்தரம் பெரிதாக வேண்டும், ஓரத் தூண் தடிக்க வேண்டும், அதன் அடியில் உள்ள கான்கிரீட்டும் போதுமா என்று பார்க்க வேண்டும். தரையில் பேவர் கல் பதித்திருந்தால் தூணைப் பிடிக்கும் ஆணி அந்தக் கல்லோடு நிற்கக் கூடாது, கீழே கான்கிரீட்டில் இறங்க வேண்டும். மூலைவிட்டமாக ஓடும் எஃகுக் கம்பிகளை 'அசிங்கமாக இருக்கிறது' என்று கழற்றுபவர்களும் உண்டு. புயலில் கூண்டு சாயாமல் இழுத்துப் பிடிப்பதே அவைதான்.

1992இல் ஆண்ட்ரூ புயல் அடித்த அடியில்தான் ஃபுளோரிடா கட்டட விதிகள் கடுமையாகின. மாநிலம் முழுவதற்குமான புதிய விதித்தொகுப்பு 2002இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கூண்டு அதற்கு முந்தையது என்றால், பழைய அலுமினியச் சட்டத்தில் புது உத்தரத்தை ஒட்டுப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எப்படியும் பொறியாளர் கணக்கும் பெர்மிட்டும் வேண்டும்.

அப்புறம் வலை. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெளிர் நிற வலை வெயிலில் புகைபடிந்த மாதிரி தெரியும். கறுப்பு வலை கண்ணுக்கே தெரியாமல் போகும். சட்டமும் வெள்ளையைவிடக் கரும்பழுப்பு நல்லது. வலைக்கண்ணின் அளவிலும் அவசரம் வேண்டாம். வழக்கமான வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18, மறுபக்கம் 14 இழை. 'நோ-சீ-அம்' என்னும் பொடிக் கடிப்பூச்சி அதில் நுழைந்துவிடும் என்று 20க்கு 20 போடுகிறார்கள். சதுப்புநிலக் கடற்கரையில் அது தேவைதான். பூச்சித் தொல்லை இல்லாத இடத்தில் காட்சியும் காற்றும் குறைவதுதான் மிச்சம்.

பழைய கூண்டு குழந்தைகளுக்கான தடுப்பாகவும் இருந்ததா என்று பாருங்கள். ஃபுளோரிடா சட்டப்படி குளத்தடுப்பு குறைந்தது 4 அடி உயரம் இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறந்து, தானாகச் சாத்தித் தாழ்விழ வேண்டும். புது அலுமினியச் சட்டத்தை, மின்னதிர்ச்சி வராமல் குளத்தின் உலோகப் பாகங்களை ஒன்றாகப் பிணைக்கும் செப்புக்கம்பி இணைப்போடு சேர்க்கவும் மறக்கக் கூடாது. இது மின்சாரச் சமாச்சாரம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இடுப்பு உயரக் குறுக்குச் சட்டம் எங்கே வர வேண்டும் என்பதைப் பலரும் நின்றபடியே முடிவு செய்கிறார்கள். ஏரியைப் பார்ப்பதோ உட்கார்ந்து. வழக்கமான நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண் மட்டத்தை டேப்பால் அளந்து, அந்த உயரத்தில் குறுக்குச் சட்டம் வராமல் வரையச் சொல்லுங்கள்.