அம்மாவை ‘கன்னிங்’ என்று எழுதலாமா?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பதினோராம் தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி, தன் தாயைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ‘மை மதர் இஸ் எ கன்னிங் வுமன்’ என்று எழுதியிருந்தாள். கொழுந்து நிறுக்கும்போதெல்லாம் தன் நிறையைச் சிறு கொப்பியொன்றில் குறித்து வைத்து, மாத முடிவில் அதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு கிலோ குறைந்தாலும் கணக்குப்பிள்ளையிடம் மரியாதையாகக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் தாயின் சாமர்த்தியத்தைத்தான் அவள் சொல்ல விரும்பினாள். ஆனால் ஆங்கிலம் அறிந்தவர் அந்த வரியைப் படித்தால், ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் பெண் என்றே விளங்கிக்கொள்வார். மகளின் பெருமிதம் தாய்க்கு அவமதிப்பாக மாறிவிடக் கூடாது என்பதற்காகவே கெட்டிக்காரத்தனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை எவ்வாறு பிரித்தறிவது என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லைத் தேர்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மனிதர் தம் நோக்கத்தை மறைக்கிறாரா? அவருடைய கெட்டிக்காரத்தனத்தால் இன்னொருவர் நட்டப்படுகிறாரா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்பது பதிலானால் கன்னிங், கிராஃப்டி, ஸ்லை ஆகிய மூன்றையும் விட்டு விலகுங்கள்.

அந்தத் தாய்க்குப் பொருந்தும் சொல் ஷ்ரூட். ஆளையும் நிலைமையையும் சரியாக எடைபோட்டு, தான் ஏமாறாமல் நடந்துகொள்பவரை அது குறிக்கும். காசு, வியாபாரம், பேரம் ஆகியவை பற்றிய பேச்சில் அதிகம் வரும். வாங்கிய சம்பளத்தை மாதம் முழுவதும் இழுத்துப் பிடித்துச் செலவழிப்பவருக்கு ஸ்கொட்லாந்து வழக்கிலிருந்து வந்த கேனி என்ற சொல்லும் பொருந்தும். அஸ்டூட் இவற்றிலும் சற்று மதிப்பு மிக்கது. அரசியல் தலைவரின் கணிப்பையோ தொழிலதிபரின் தீர்மானத்தையோ பாராட்டும்போது எழுத்தில் இதையே காண்பீர்கள்.

ஷ்ரூட் என்ற சொல்லுக்குப் பழங்காலத்தில் தீய குணமுடையவர் என்பதே பொருள்; காலப்போக்கில் அது மேலேறி நற்பெயர் பெற்றது. கன்னிங் நேர்மாறாகக் கீழே இறங்கிய சொல். அறிதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த அது, 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் பெரும்பாலும் திறமையையே குறித்தது. எருசலேமை மறந்தால் என் வலக்கை தன் திறனை மறக்கட்டும் என்று பாடும் 137ஆம் சங்கீதத்தில் ‘கன்னிங்’ என்றிருக்கும் இடத்தில், தமிழ் விவிலியம் ‘தொழில்’ என்று சொல்கிறது. நம் மொழியிலும் இப்படி இறங்கிய சொல் உண்டு. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று 671ஆம் குறள் தொடங்கும்போது சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுதல். இன்று அதே சொல்லைக் கேட்டால் சதியே நினைவுக்கு வருகிறது. இந்த ஒப்புமையை ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கன்னிங்கின் பொருளை மறப்பதில்லை என்பது என் அனுபவம்.

கிராஃப்டி என்பது திட்டமிட்டு வளைந்து போகும் தந்திரம். மலையகத்தின் பழைய துண்டு முறையை நினைத்துப் பாருங்கள். ஆட்களின் கடனைச் செலுத்தும் தோட்டத்துக்கு அவர்களை விடுவிப்பதாக எழுதித் தரப்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூடுதல் பணம் கிடைக்கும் தோட்டத்துக்கு ஆட்களை மாற்றித் தம் வருமானத்தைப் பெருக்கிய கங்காணிமார் (ஆட்களைத் திரட்டி வேலைவாங்கும் தலைவர்கள்) இருந்தார்கள். கடன் மட்டும் ஆட்களின் தலையில் ஏறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்தது. அத்தகைய கங்காணி கிராஃப்டி. எந்த வலையிலும் சிக்காமல் நழுவிப் பழகிய அனுபவசாலியானால் வைலி என்றும் சொல்லலாம். அதில் வெறுப்போடு சிறிது வியப்பும் கலந்திருக்கும்.

ஸ்லை என்ற சொல்லில் ஒளிவுமறைவே முக்கியம். அதற்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. ஒரு பார்வை போதும், ஒரு சிரிப்பு போதும். மனத்தில் எதையோ வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் சிரிப்பது ஸ்லை ஸ்மைல். வீட்டாருக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்வது ‘ஆன் த ஸ்லை’ செய்வது.

கிளெவர் விரைவாகப் புரிந்துகொள்ளும் மூளையைக் குறிக்கும் பொதுச் சொல். ஆனாலும் பிரித்தானியர் ‘டூ கிளெவர் பை ஹாஃப்’ என்றால் அது கண்டனம். தன் அறிவில் அளவுக்கு மீறி மயங்குகிறான் என்று பொருள். ஸ்மார்ட் என்றால் நம்மவர்கள் அழகாக உடுத்தியிருப்பதாக எண்ணுவார்கள். அது பிரித்தானிய வழக்கு. அமெரிக்கர் அதை அறிவாளி என்ற பொருளில் சொல்வார்கள்.

ஐயம் தீராவிட்டால், அச்சொல்லை ஒரு பொருளுக்கு அடைமொழியாக வைத்துப் பாருங்கள். மூங்கிலைப் பிளந்து பீலியாக்கி, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீட்டின் கூரை நீரைப் பீப்பாய்க்குக் கொண்டுவந்தவரின் ஏற்பாட்டை கிளெவர் என்றும், இன்னும் சிறப்பாக இன்ஜீனியஸ் என்றும் சொல்லலாம். அந்தப் பீலியை ஷ்ரூட் என்றோ ஸ்லை என்றோ சொல்ல முடியாது, ஏனெனில் அவ்விரண்டும் மனிதரின் மனத்தையும் நடத்தையையும் பற்றியவை. கன்னிங் மட்டும் விதிவிலக்கு: ஒரு கருவிக்கோ உபாயத்துக்கோ அடைமொழியாகும்போது அதன் பழைய நற்பொருள் இன்றும் எட்டிப்பார்க்கும்.

அகராதி வாங்கும்போது ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் மாணவர் அகராதியை வாங்குங்கள். பழிப்புச் சொற்களுக்கு அருகில் ‘டிஸ்அப்ரூவிங்’ என்ற சிறு குறிப்பு அதில் இருக்கும். தமிழ்ப் பொருளை மட்டும் தரும் கையடக்க அகராதியில் அந்தக் குறிப்பை எதிர்பார்க்க முடியாது. இன்ஜீனியஸைத் (ingenious) தேடும்போது அருகில் நிற்கும் இன்ஜெனுவஸையும் (ingenuous) பாருங்கள். எழுத்தில் ஓரெழுத்தே மாறும், ஆனால் பொருள் சூதுவாது அறியாத வெள்ளந்தி மனிதர் என்பதாகும்.