பழைய வீட்டைப் பழுது பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுத்த தெருவில் ஒரு தம்பி தாத்தா கட்டிய வீட்டைச் 'சரி பண்ண' ஆரம்பித்திருக்கிறார். வாசலில் அடுக்கியிருந்த சிமென்ட் மூட்டைகளைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. கரையானுக்கு மருந்து அடிப்பது, வயரிங்கை மாற்றுவது எல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவது

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கத்துப் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே காய்ந்தும்விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் காய்கிற வழி அடைபடும். இடுப்பளவில் நின்ற ஓதம் தோள் உயரத்துக்கு ஏறும். கூடவே வரும் உப்பு உள்ளே பூத்துப் பூச்சைத் தள்ளும். விரலால் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் கேட்கும்.

"சார், சுண்ணாம்பெல்லாம் அந்தக் காலம். சிமென்ட் போட்டா இருபது வருஷத்துக்குக் கவலையில்லை" என்றார் எங்கள் வீட்டைப் பழுது பார்த்த மேஸ்திரி. இரண்டாவது ஐப்பசியிலேயே கூடத்துச் சுவர் பாளம் பாளமாக விழுந்தது. விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெளிச்சுவரிலும் சிமென்ட்தான். அதன் விரிசலில் புகுந்த மழைத் தண்ணீர் வெளியே வர வழியில்லை. தேக்கு உத்திரத்தின் முனை அந்தச் சுவருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. முட்டுக் கொடுத்து, இற்ற முனையை அறுத்து, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டோம். பூச்சுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு அங்கே போனது. இன்றைக்கும் அந்தச் சேனலைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? சிமென்டை முழுக்க உரித்து, ஒரு கோடை முழுதும் சுவரைக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே பூசுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பழைய கதைதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கூலி கூடக் கேட்பார், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். சுண்ணாம்பில் கலக்கக் கடுக்காயும் வெல்லமும் வேண்டும் என்பார். சிரிக்காமல் வாங்கிக் கொடுங்கள்.

ஒழுகும் மாடியில் கான்கிரீட் ஏற்றுவது

மெட்ராஸ் டெரஸ் என்பது உத்திரத்தின் மேல் கட்டைகள், அவற்றின் மேல் குத்துவாக்கில் அடுக்கிய சின்னச் செங்கல், அப்புறம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், உச்சியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. ஏற்கெனவே நல்ல கனம். அதற்கு மேல் கான்கிரீட்டும் போட்டால் உத்திரம் தொய்யும். உடைந்த தட்டோடுகளை மாற்றி, சந்துகளை அடைத்தாலே பெரும்பாலும் ஒழுகல் நின்றுவிடும்.

மாடி வேலையைத் தள்ளிப்போடுவது

அக்டோபரில் மழை வந்துவிடும். பங்குனிக்குள் ஆளைப் பிடியுங்கள்.

தெருவைப் பார்க்காமல் தரை போடுவது

சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பல பழைய வீடுகளின் வாசல் தெருவுக்குக் கீழே போய்விட்டது. தெரு மட்டத்தை அளந்துவிட்டு டைல்ஸ் வாங்குங்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் வீட்டை அவர்களிடம் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

பங்காளிகளைக் கேட்காமல் செலவு செய்வது

முதலில் கையெழுத்து. அப்புறம் கொத்தனார். பில்லையெல்லாம் பத்திரமாக வையுங்கள்.